யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிறுவனக் கொடையும் நலப்பணிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வைத்தியசாலைகள், வலுவிழந்தோருக்கான பாடசாலைகள், புனர்வாழ்வு நிலையங்கள் ஆகியவற்றுக்குக் கம்பனிகளும் வணிகரும் தொழிலதிபர் நிறுவிய அறக்கட்டளைகளும் வழங்கிவரும் ஆதரவு நிறுவனக் கொடை எனப்படும். இதன் வரலாற்றில் மூன்று நிலையங்கள் முதன்மையானவை: 1956 இல் தொடங்கிய கைதடி நவீல்ட் பாடசாலை, 1987 இல் தோன்றிய யாழ் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம், 2011 இன் நடைபயணத்தால் எழுந்த தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை. முதலாவதன் பின்னால் ஆங்கிலேய மோட்டோர் கார்க் கம்பனி ஒன்றின் பங்குகள் இருந்தன. மூன்றாவதன் பின்னால் இலங்கையின் ஆடைத் தொழிற்றுறையினர் இருந்தனர். இரண்டாவது, பல சிறு கைகளின் தொடர் உதவியால் போர்க்காலத்தைக் கடந்துவந்தது.

முன்வரலாறு

வணிகன் தன் வருவாயில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் வழக்கம் தமிழரிடையே பழையது. ஒவ்வொரு விற்பனையிலும் சிறு தொகை எடுத்துவைத்துக் கோயிலுக்கும் மடத்துக்கும் கல்விக்கும் கொடுப்பதை மகமை என்பர். யாழ்ப்பாணத்தில் இந்தக் கொடைமனம் நெடுங்காலம் கோயில், மடம், அன்னதானம் என்ற வழிகளிலேயே சென்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வண்ணார்பண்ணையில் வைத்தீசுவரன் கோயிலை எழுப்பிய வைத்திலிங்கச் செட்டியார் ஒரு வணிகர். நோய் தீர்க்கும் இறைவனுக்குக் கோயில் கட்டுவதே அக்காலத்தில் நோயாளருக்குச் செய்யும் பெரும் தொண்டாகக் கருதப்பட்டிருக்கலாம். 1870களின் பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் மக்கள் வாடியபோது ஆறுமுக நாவலர் பொருளுள்ளோரிடம் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்.

மேலை மருத்துவம் மிஷனரிகளோடு வந்தது. 1820 இல் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். 1847 இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மறு ஆண்டில் மானிப்பாயில் நிலைகொண்டு, தமிழ் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். மேலை வைத்திய நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, பாடத்தையும் தமிழிலேயே நடத்தினார். அவர் பெயரால் விளங்கும் மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையும், பெண்களுக்கென 1898 இல் இனுவிலில் தொடங்கிய மக்லியொட் வைத்தியசாலையும் கடல் கடந்த திருச்சபையாரின் நன்கொடையில் வளர்ந்தவை. யாழ்ப்பாணத்தார் 'மானிப்பாய் ஆஸ்பத்திரி', 'இனுவில் ஆஸ்பத்திரி' என்று ஊரோடு சேர்த்தே அழைக்குமளவுக்கு அவை ஊரின் சொத்தாயின.

நகரத்தில் வேறொரு வழி திறந்தது. வட மாகாண அரச அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியால் 'பிரெண்ட்-இன்-நீட் சொசைற்றி' என்ற தரும சங்கம் 1850 இல் வைத்தியசாலை ஒன்றை அமைத்தது. 'இடுக்கண் வேளையின் நண்பர்' என்பது அப்பெயரின் பொருள். அதிகாரிகளும் வணிகரும் ஊர்ப் பெரியோரும் சந்தா கொடுத்துத் தாங்கிய அந்த வைத்தியசாலையை 1907 இல் அரசு பொறுப்பேற்றது. இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, மக்கள் வாயில் 'பெரியாஸ்பத்திரி', அதன் வழிவந்தது. தனியார் கொடை தொடங்கிய ஒன்றை அரசு தொடர்ந்து நடத்தும் முறைக்குக் குடாநாட்டில் இதுவே முதற்பெரும் சான்று.

மூன்றாவது வழி கூட்டுறவு. 1936 இல் தோன்றிய மூளாய் கூட்டுறவு வைத்தியசாலை இலங்கையின் கூட்டுறவு வைத்தியசாலைகளுள் முன்னோடி. மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள் யாழ்ப்பாணக் கிராமங்களில் நிறைந்திருந்த காலம் அது. பெருங்கம்பனி எதுவும் இல்லாத ஊரில் அங்கத்தவரின் பங்குப்பணமே மூலதனமாயிற்று. பிணியாளரே பங்காளராகவும் இருந்தது இதன் தனிச்சிறப்பு.

நவீல்ட் பாடசாலை

இலங்கையில் செவிப்புலன், விழிப்புலன் வலுவற்ற பிள்ளைகளின் முறைசார்ந்த கல்வி 1912 இல் மேரி சப்மன் என்ற ஆங்கிலத் திருச்சபைப் பெண்மணியால் கொழும்புக்குத் தெற்கே தொடங்கப்பட்டது. பின்னர் இரத்மலானையில் நிலைபெற்ற அந்த விடுதிப் பாடசாலைக்கு நாடெங்குமிருந்து பிள்ளைகள் சென்றனர். யாழ்ப்பாணப் பெற்றோர் பார்வையற்ற அல்லது காதுகேளாத குழந்தையைச் சுமார் 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள விடுதியில் விட்டுவர வேண்டியிருந்தது. பிரிவின் துயரோடு மொழிச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. காதுகேளாத பிள்ளை உதட்டசைவைப் பார்த்துச் சொற்களைக் கற்கிறது. வீட்டில் தாயின் உதடு ஒரு மொழியையும், பாடசாலையில் ஆசிரியரின் உதடு இன்னொரு மொழியையும் பேசினால் அப்பிள்ளைக்கு இரண்டுமே எட்டாமற் போகும்.

இந்தக் குறையைத் தீர்க்கவே தமிழ்ப் பிள்ளைகளுக்கான பாடசாலை 1956 இல் கைதடியில் உருவாயிற்று. அதற்கு உதவிய பிரித்தானிய நவீல்ட் அறக்கட்டளையின் பெயர் பாடசாலைக்கு நிலைத்தது. தென்மராட்சியின் வாசலில், யாழ்ப்பாண நகரையும் சாவகச்சேரியையும் இணைக்கும் கண்டி வீதியின் சூழலில் அமைந்த ஊர் கைதடி. அரச முதியோர் இல்லமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் பிரிவும் அங்கேதான் உள்ளன. பராமரிப்பும் பண்டுவமும் ஓரூரில் கூடியதற்கு நவீல்ட் பாடசாலையும் ஒரு தொடக்கம்.

நவீல்ட் பிரபு என அறியப்பட்ட வில்லியம் மொறிஸ் 1877 இல் பிறந்தவர். பதின்ம வயதில் ஒக்ஸ்போர்ட்டில் சைக்கிள் திருத்தும் வேலையில் இறங்கி, 1913 இல் தம் முதற் காரை வெளியிட்டார். அவருடைய கம்பனியின் மொறிஸ் மைனர் கார் யாழ்ப்பாண வீதிகளில் பல தலைமுறைகள் ஓடியது. 1952 இல் அக்கம்பனி இணைந்துகொண்ட ஒஸ்ரின் நிறுவனத்தின் ஏ40, கேம்பிரிட்ஜ் கார்களும் அப்படியே. புது வண்டியும் உதிரிப்பாகமும் எரிபொருளும் இல்லாத போர்க்காலத்தில் இந்தப் பழைய கார்களே மண்ணெண்ணெயில் ஓடிக் குடாநாட்டுக்குக் கால்களாயின. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவையும் இவைதான்.

பிள்ளைகள் இல்லாத மொறிஸ் தம் வாழ்நாளில் சுமார் 3 கோடி பவுணைத் தருமத்துக்கு வழங்கினார். அதில் பெரும்பகுதி மருத்துவத்துக்குச் சென்றது. 1936 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மருத்துவக் கல்விக்கு 20 லட்சம் பவுண் கொடுத்தார். இளம்பிள்ளைவாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்தோரை உயிரோடு வைத்திருக்கும் 'இரும்பு நுரையீரல்' என்ற செயற்கைச் சுவாசப் பெட்டியை 1938 முதல் தம் கார்த் தொழிற்சாலையிலேயே செய்வித்து, 1,700க்கு மேற்பட்ட பெட்டிகளைப் பிரித்தானியப் பேரரசெங்கும் வைத்தியசாலைகளுக்கு இலவசமாக அனுப்பினார். கார் செய்யும் பட்டறையும் தொழிலாளர் கைத்திறனும் அப்படியே உயிர்காக்கும் பணிக்குத் திரும்பியது நிறுவனக் கொடை வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வு. 1943 இல் மொறிஸ் மோட்டோர்ஸ் கம்பனியின் 1 கோடி பவுண் பெறுமதியான பங்குகளைக் கொண்டு நவீல்ட் அறக்கட்டளையை நிறுவினார். 1963 இல் காலமானார்.

மொறிஸ் கம்பனி பின்னர் பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனத்துள் அடங்கியது. அந்நிறுவனம் நலிந்து 1975 இல் பிரித்தானிய அரசுடைமையாயிற்று. கார் கம்பனி போனபின்னும் கைதடியில் அதன் நிறுவுநர் பெயர் தாங்கிய பாடசாலை நின்றது. 1995 இல் போரால் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு ஓடிவந்த நாட்களையும், 2000 இல் தென்மராட்சியே போர்க்களமாகிக் கைதடி மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்த நாட்களையும் தாண்டி அது தொடர்கிறது. கொடை விதையாக இருந்தது. பிரெயில் புள்ளிகளை விரல்நுனிக்குப் பழக்கியும், ஒலி கேளாத பிள்ளையின் கையைத் தம் தொண்டையில் வைத்து அதிர்வால் சொல்லை உணர்த்தியும் அந்த விதையை மரமாக்கியவர்கள் ஆசிரியர்கள்.

முன்னோடியான இரத்மலானைப் பாடசாலைக்கும் பிற்காலத்தில் கம்பனி உதவி கிட்டியது. அங்கே 2007 இல் டயலொக் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பங்களிப்போடு செவிப்புலன் பரிசோதனை நிலையம் அமைந்தது.

ஜெய்ப்பூர் கால்

1980களில் தொடங்கிய போர், குடாநாட்டின் மருத்துவத் தேவையை மாற்றியது. கண்ணிவெடியும் எறிகணையும் குண்டுவீச்சும் கால்களைப் பறித்தன. நாகர்கோவில், கிளாலி, முகமாலை போன்ற முன்னரங்குப் பகுதிகளில் புதைந்த வெடிகள், போர் ஓய்ந்து ஊர் திரும்பியோருக்கும் ஆபத்தாயின.

இந்நிலையில் உதவியது இந்தியாவில் பிறந்த ஒரு தொழில்நுட்பம். ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்புமுறிவு மருத்துவரும் 1960களின் இறுதியில் உருவாக்கிய செயற்கைக் கால் அது. மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்குள் நுழையவென்றே செய்யப்பட்டது. ஜெய்ப்பூர் காலோ வெறுங்காலோடு நடக்கவும், சம்மணமிடவும், குந்தியிருக்கவும், வயற்சேற்றில் இறங்கவும் ஏற்றது. மரம், றப்பர், அலுமினியம் ஆகியவற்றால் உள்ளூர்ப் பட்டறையில் செய்யலாம். கோயில் வீதியில் செருப்பின்றி நடப்பவரும் தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்குபவரும் வாழும் யாழ்ப்பாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கால் அன்று இல்லை.

கொழும்பில் 1831 இல் தோன்றிய பிரெண்ட்-இன்-நீட் சொசைற்றி 1985 இல் ஜெய்ப்பூர் கால் பணியைத் தொடங்கியது. 1987 இல் யாழ்ப்பாணத்திலும் அதே சங்கத்தின் பெயரில் பணி ஆரம்பமாயிற்று. பெரியாஸ்பத்திரிக்கு வித்திட்ட பெயர் 137 ஆண்டுகளின் பின் செயற்கை உறுப்புப் பட்டறையாய் யாழ்ப்பாணத்தில் மறுபடி துளிர்த்தது. அதுவே இன்றைய யாழ் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம். செயற்கைக் கால்களோடு ஊன்றுகோல், சக்கர நாற்காலி, இயன்மருத்துவம், வாழ்வாதார உதவி என அதன் பணி விரிந்தது. வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகளும் புலம்பெயர்ந்த தமிழரும் உள்ளூர்க் கொடையாளரும் அதைத் தாங்கினர்.

செயற்கைக் காலின் இயல்பு கொடையின் இயல்பையும் நிர்ணயிக்கிறது. வளரும் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை புதிய கால் வேண்டும். பெரியவருக்கும் சில ஆண்டுகளில் கால் தேய்ந்துபோகும். எட்டு வயதில் காலை இழந்த பிள்ளைக்கு வாழ்நாளில் இருபதுக்கு மேற்பட்ட கால்கள் தேவைப்படலாம். ஒரு கம்பனி ஒருமுறை விழா எடுத்து நூறு கால்கள் கொடுத்தால் நூறு பேர் நடப்பர். அவை தேயும் ஆண்டில் அதே பட்டறை திறந்திருந்து, அதே தொழிலாளி அளவெடுக்கக் காத்திருந்தால்தான் அந்த நூறு பேரும் தொடர்ந்து நடப்பர். தொழிலாளியின் மாதச் சம்பளம் எந்தப் பதாகையிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் நிலையத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை

போர்க்காலத்தில் வட மாகாணப் புற்றுநோயாளர் பலர் மேலதிக சிகிச்சைக்குக் கொழும்பை அடுத்த மகரகமவுக்கே செல்லவேண்டியிருந்தது. கதிர்ச்சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. வாரக்கணக்கில் தொடர்ந்து பெறவேண்டும். தங்க இடம், துணைக்கு ஆள், மொழி தெரிந்த உதவி எல்லாம் தேடி அலைந்து, பாதியில் சிகிச்சையை விட்டுத் திரும்பியோர் உண்டு. 2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைத்த ஏ9 வீதி மூடப்பட்டபின் கப்பலும் விமானமுமே வழியாயின. தெல்லிப்பழை இருந்த வலிகாமம் வடக்கோ, பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகி மக்களற்றுக் கிடந்தது.

2009 இல் போர் முடிந்தது. 2011 ஜூலையில், மாஸ் ஆடைக் குழுமத்தில் உயர்பதவி வகித்த நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவ ஆகிய இருவர் முன்னின்று, 'ட்ரெயில்' என்ற நடைபயணத்தைத் தொடங்கினர். தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 650 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை 27 நாட்களில் நடந்து கடந்தனர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதே நோக்கம். வழிநெடுகப் பொதுமக்களும் மாணவரும் சேர்ந்து நடந்தனர். கம்பனிகள் பெருந்தொகை கொடுத்தன. வீதியோரத்து மக்கள் சில்லறையை உண்டியலில் இட்டனர். 20 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் திரண்டது. 'கலர்ஸ் ஒப் கரேஜ்' அறக்கட்டளையின் வழியே கட்டப்பட்ட வைத்தியசாலை சுகாதாரத் துறையிடம் கையளிக்கப்பட்டது. அது மக்களிடையே 'ட்ரெயில் வைத்தியசாலை' என்ற பெயரையும் பெற்றது.

இந்த முயற்சியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை இரண்டு. முதலாவது, நிறுவன நிதியும் சாதாரண மக்களின் காசும் ஒரே கணக்கில் சேர்ந்தன. போர் முடிந்து ஈராண்டே ஆன நிலையில் தென்னிலங்கைச் சிங்கள மக்கள் வடக்கின் நோயாளருக்காகக் கொடுத்தனர். 2016 இல் அந்தப் பயணமே பருத்தித்துறையில் தொடங்கித் தெய்வேந்திரமுனை நோக்கித் திரும்பியது. அம்முறை காலி கராப்பிட்டியவில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கப் பணம் திரட்டப்பட்டது. வடக்குக்காகத் தெற்கும் தெற்குக்காக வடக்கும் நடந்தன. இரண்டாவது, கட்டடத்தைக் கொடையாளர் தந்து, மருத்துவரையும் தாதியரையும் மருந்தையும் அரசு பொறுப்பேற்றதால், நன்கொடை வற்றினாலும் சிகிச்சை நிற்காது. 1850 இல் பெரியாஸ்பத்திரி தொடங்கிப் பின் அடைந்த நிலையை, தெல்லிப்பழை தொடக்கத்திலேயே அடைந்தது.

ஏனைய நிலையங்கள்

குடாநாட்டின் நலப்பணி நிலையங்கள் பல, பெருங்கம்பனி உதவியைக் காட்டிலும் ஊராரின் நாளாந்தக் கொடையிலும் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்திலும் நடக்கின்றன. விழிப்புலன் வலுவற்ற பிள்ளைகளுக்கான சுன்னாகம் வாழ்வகமும், ஆறு. திருமுருகன் முயற்சியில் உருவான கோண்டாவில் சிவபூமி மனவிருத்திப் பாடசாலையும் இத்தகையவை. பிறந்தநாள், திருமணநாள், பெற்றோரின் நினைவுநாள் ஆகியவற்றில் ஒருநாள் உணவுச் செலவை ஏற்கும் வழக்கம் இத்தகைய இல்லங்களின் பெரும் துணை. சிறு கடைக்காரர் மாதந்தோறும் கொடுக்கும் அரிசி மூடைக்கு ஆண்டறிக்கை இல்லை. ஆனால் அதுவும் நிறுவனக் கொடையே.

சட்டமும் கடமையும்

இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கவேண்டும் என்கிறது. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. எனவே இங்கு கம்பனிகளின் நலப்பணி அவற்றின் விருப்பத்தைப் பொறுத்தது.

வலுவிழந்தோரின் உரிமைகளோ விருப்பத்துக்கு விடப்பட்டவையல்ல. 1988 இன் அரச சுற்றறிக்கை அரச துறை வேலைகளில் 3 சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் அவர்களின் உரிமைகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. 2006 இல் கட்டடங்களை அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2009 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பொதுமக்கள் பயன்படுத்தும் புதிய கட்டடங்கள் அந்த விதிகளைப் பின்பற்றவேண்டும் எனப் பணித்தது. 2016 இல் இலங்கை, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 16 லட்சம் பேருக்கு, ஏதேனும் ஒரு வகையில் இயலாமை இருந்தது.

ஆகவே ஒரு வங்கியோ கடைத்தொகுதியோ சக்கர நாற்காலி அன்பளிப்புச் செய்யுமுன், அந்த நாற்காலி தன் வாசற்படியைக் கடந்து உள்ளே வர இயலுமா என்று பார்க்கவேண்டும். நவீல்ட் பாடசாலையில் படித்து வெளியேறும் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுப்பது, அவள் படித்த பாடசாலைக்குக் கட்டடம் கொடுப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

மதிப்பீடு

யாழ்ப்பாணத்தின் அனுபவம் தெளிவான பாடம் தருகிறது. கம்பனியின் ஆயுள் குறுகியது. மொறிஸ் மோட்டோர்ஸ் மறைந்தது, கைதடிப் பாடசாலை நிற்கிறது. கொடை நிலைத்த இடங்களில் எல்லாம் கொடுத்தவர் பணத்தோடு, நடத்துவதற்கு ஊராரோ அரசோ திருச்சபையோ சங்கமோ ஒரு நிலையான கை இருந்திருக்கிறது. அந்தக் கை இல்லாத இடத்தில் திறப்புவிழாக் கல்வெட்டு மட்டுமே எஞ்சும்.

கட்டடத்துக்குக் கொடுப்போர் கிடைத்துவிடுகின்றனர். ஆசிரியரின் சம்பளத்துக்கும் தேய்ந்த காலை மாற்றுவதற்கும் பழுதான செவிப்பொறியின் மின்கலத்துக்கும் கொடுப்போர் அரியர். நம் முன்னோர் கண்ட மகமை இதற்கு விடை கூறுகிறது: சிறிதாயினும் ஒவ்வொரு வியாபாரத்திலும், ஒவ்வொரு மாதமும், விளம்பரமின்றி எடுத்துவைக்கும் பங்கு அது. இன்று யாழ்ப்பாணத்தில் கிளை திறக்கும் ஒவ்வொரு வங்கியும் கடைத்தொகுதியும் கம்பனியும் அந்த மகமையை மீண்டும் கைக்கொண்டால், கைதடியிலும் தெல்லிப்பழையிலும் தொடங்கிய பணி தலைமுறைகளுக்கு நிற்கும்.